அண்ணியின் குதிகால்

"உன்னோட உள்ளங்காலை நீ கடைசியா எப்பப் பார்த்தே?"

தோல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பெயரையோ படிப்பையோ கேட்பார் என்று நினைத்துப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதற்கு அதுதான் காரணம். வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டார்கள். இந்தக் கேள்விக்கும் நான் வாய் திறக்கவில்லை. டாக்டரும் பதிலை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

"யாரைக் கேட்டாலும் இப்படித்தான் முழிப்பாங்க," என்றார். "முகத்தை நாள் முழுக்கக் கண்ணாடியில பார்க்கிறாங்க. பாதத்தைச் செருப்புக்கடைக்காரர்தான் பார்க்கிறாரு. அவரும் மேல் பக்கத்தைத்தான் பார்க்கிறாரு."

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நாற்காலிகளோடு எடை பார்க்கும் கருவி ஒன்றும் இருந்தது. தோல் வைத்தியத்துக்கும் எடைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் காத்திருப்பவர்கள் எல்லோரும் அதில் ஏறி இறங்கி முகத்தைச் சுளித்துக்கொள்வார்கள். உள்ளறையில் உயரமான கட்டில், கழுத்தை வளைக்கக்கூடிய விளக்கு, சுவரில் ஒரு திரை, அப்புறம் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு கருவி. பார்ப்பதற்குக் குட்டையான டார்ச் மாதிரி இருக்கும். நுனியில் கண்ணாடி, அதைச் சுற்றிப் பொடிப்பொடியாக விளக்குகள். டெர்மடோஸ்கோப் என்பது அதன் முழுப்பெயர். நாங்கள் லென்ஸ் என்று சொல்வோம்.

என் வேலை சுலபம். பார்க்க வேண்டிய இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும். அதன்மேல் ஒரு சொட்டு ஜெல் வைக்க வேண்டும், காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. டாக்டர் லென்ஸை அழுத்திப் பார்த்து முடித்ததும் அதில் செல்போனை மாட்டிப் படம் எடுத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். பேச வேண்டிய வேலை எதுவும் கிடையாது. அதனால்தான் நான் அங்கே நிலைத்தேன்.

வெறும் கண்ணுக்குக் கறுப்புப் பொட்டாகத் தெரியும் மச்சம் லென்ஸின் அடியில் வலையாகவோ கூழாங்கல் பரப்பியது போலவோ தெரியும். "வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேரை 'ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பி வைக்கத்தான் இது," என்பார் டாக்டர். "மிச்சப் பேரை விட்டுடாமப் பிடிக்கிறதுக்கும் இதுதான்."

உள்ளங்கால் மட்டும் தனிக் கணக்கு. கைரேகை போலப் பாதத்திலும் ரேகைகள் உண்டு, அதாவது மேடும் பள்ளமும் மாறி மாறி ஓடும். மேட்டின் நடுவில் வியர்வைத் துளைகள் வெள்ளைப் புள்ளிகளாக, மணி கோத்ததுபோல் வரிசையாக இருக்கும். நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் பயமில்லை. மேட்டில், அந்த வெள்ளை மணிகளைச் சுற்றி ஓடினால் டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

வேலைக்குப் போய்ச் சில மாதங்களில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கால் நீட்டி உட்கார்ந்திருப்பவர்களைக் கண்டால் கண் தானாகப் பாதத்துக்குப் போகும். அப்படித்தான் ஒரு சாயங்காலம் அண்ணியின் குதிகால் கண்ணில் பட்டது.

நானும் அண்ணனும் அண்ணியும்தான் வீட்டில். அண்ணன் பிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். வீட்டின் முன்னறையில் அண்ணி பார்லர் நடத்தினாள். ஒரு பெரிய கண்ணாடி, சுழலும் நாற்காலி, தலை கழுவும் தொட்டி. முடி வெட்டுவது, புருவம் திருத்துவது, பாதத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாம் உண்டு என்றாலும் கடை ஓடியது தலைச்சாயத்தால்தான். அண்ணி பூசினால் நெற்றியில் கறை பிடிக்காது என்று பெயர். தலையில் டை பூசிக்கொண்டவர் அரை மணி நேரம் எங்கும் ஓட முடியாது. அண்ணிக்கு அது போதும். யார் வீட்டுக் கதையையும் அதற்குள் வேரோடு பிடுங்கிவிடுவாள்.

வேலை செய்யும்போது அவள் செருப்புப் போட மாட்டாள். "தரை காலுக்குத் தெரிஞ்சாத்தான் கத்தரி கைக்குத் தெரியும்," என்பாள். நாற்காலியைச் சுற்றியிருந்த டைல்ஸில் எத்தனை கழுவினாலும் போகாத கறுப்புப் பொட்டுகள் இருந்தன.

அன்று கடையை மூடிவிட்டு டிவி முன்னால் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வலது குதிகாலின் உள்பக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்பு. ஒரு ஓரம் மட்டும் கரைந்து இழுபட்ட மாதிரி இருந்தது.

"அண்ணி, கால்ல என்ன?"

டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "விரல்," என்றாள்.

"குதிகால்ல. கறுப்பா."

"டைதான்டி. நான் என்ன பூப்பறிக்கிற வேலையா பாக்கறேன்?"

அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். "வாயில்லாப்பூச்சி இன்னிக்கு ரெண்டு கேள்வி கேட்டிருக்கு. அதுக்கு மரியாதை குடுத்தாவது காலைக் காட்டேன்."

"ரொம்ப நாளா இருக்கா அண்ணி?"

"கடை எத்தனை நாளா இருக்கோ அத்தனை நாளா இருக்கும். ஒண்ணு போனா ஒண்ணு வரும். நான் டையைப் பார்த்ததில்லையா? இந்த நிறத்துக்கு டை பாக்கெட்ல என்ன நம்பர்னு சொல்லட்டுமா?"

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்து நீட்டினாள். "நல்லா எடு. கால் அழகிப் போட்டிக்கு அனுப்பு. பரிசு வந்தா உனக்குப் பாதி."

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கரைந்த ஓரத்தில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"யாரு கால் இது?"

"அண்ணி."

"போட்டோவை வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆளைக் கூட்டிட்டு வா."

சொல்வது சுலபம். முதல் வாரம் ஒரு கல்யாணப் பெண், அடுத்த வாரம் இன்னொருத்தியின் மாமியார், அப்புறம் இடுப்பு வலி. அண்ணி பிடி கொடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. கடையில் ஈ ஓட்டுவதற்குப் பதிலாக உன் டாக்டரையாவது பார்க்கலாம் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு தானாகவே வந்து சேர்ந்தாள். வந்ததும் எடைக் கருவியில் ஏறி, "இது பொய் சொல்லுது," என்று மற்ற நோயாளிகளுக்கு அறிவித்தாள்.

உள்ளே வந்தவள் முதலில் டாக்டரின் தலையைத்தான் பார்த்தாள்.

"யாரு டாக்டர் உங்களுக்கு டை போடறது? காதுக்குப் பின்னால அப்படியே விட்டுட்டாங்களே."

"நானேதாம்மா."

"அதானே பார்த்தேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே கட்டிலைக் காட்டினார். அண்ணி குப்புறப் படுத்தாள். நான் குதிகாலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணி தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

"வந்துச்சா? நான் சொன்னேன்ல. இதுக்குப் போய் என்னைக் கட்டில்ல ஏத்திட்டா இவ."

டாக்டர் இன்னொரு பஞ்சைக் கேட்டார். அதிலும் வந்தது. மூன்றாவதில் லேசாக. அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் குதிகாலில் கறுப்பு அப்படியே இருந்தது. நான் ஜெல் வைத்தேன். டாக்டர் லென்ஸை வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

படத்தைத் திரைக்கு அனுப்பினேன். அண்ணி எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். தன் குதிகாலின் ஒரு துண்டு சுவர் அளவுக்குத் தெரிவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

"இந்த வெள்ளைப் புள்ளி வரிசையா வருதே, அது வியர்வைத் துளை," என்றார் டாக்டர். "அது இருக்கிற இடம் மேடு. கறுப்புப் பட்டையெல்லாம் அதும் மேலதான் ஓடுது, பாருங்க. சாயமும் மேட்டுலதான் ஒட்டும். தரையில படறது மேடுதானே. நான் பயப்படற விஷயமும் மேட்டுலதான் வரும். ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது. இன்னிக்கு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல."

"நீங்க பயப்படற விஷயம்னா?"

"தோல்ல வர்ற கேன்சர்ல ஒரு வகை. நம்ம மாதிரி நிறம் உள்ளவங்களுக்கு வந்தா பாதத்துல, உள்ளங்கையில, நகத்துக்கு அடியிலதான் அதிகம் வரும். இது அதுன்னு நான் சொல்லல. சாயமாவும் இருக்கலாம். துடைச்ச பஞ்சுலயே பார்த்தோமே."

"அதுவா இருந்தா?"

"அந்த இடத்தை வெட்டி எடுக்கணும்."

அண்ணி தன் குதிகாலைக் கையால் மூடிக்கொண்டாள். "நான் காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் நிக்கிறவ டாக்டர். உட்கார்ந்துகிட்டு முடி வெட்ட முடியாது. வெட்டினா மண்டை ஒரு பக்கம் மேடாவும் ஒரு பக்கம் பள்ளமாவும்தான் வரும்."

"புரியுது. அதனாலதான் அவசரப்பட்டு இன்னிக்கே கத்தி வைக்க வேண்டாம்னு பாக்கறேன். சாயம்னா மேல்தோலோட தானா உரிஞ்சு போயிடும். மூணு வாரம் பொறுப்போம். அதுக்கு மேல நான் பொறுக்க மாட்டேன். கடையில மூடின ஷூ போட்டுக்குங்க. புதுசா டை படக் கூடாது. நீங்க அதைத் தேய்க்கக் கூடாது, சுரண்டக் கூடாது. தானாப் போகணும். போகுதா இல்லையான்னுதான் நாம பாக்கறோம்."

அண்ணி சரி என்றாள். படியிறங்கும்போது என் காதருகே, "காதுக்குப் பின்னால டை போடத் தெரியல, என் கால்ல டை இருக்கான்னு கண்டுபிடிக்கப் போறாங்களாம்," என்றாள்.

அண்ணனின் பழைய கான்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் கடையில் நின்றாள். முனையில் துணி அடைத்துக்கொண்டால்தான் கழன்று போகாமல் இருந்தது. வாடிக்கையாக வரும் டீச்சரம்மா ஒருவர், "என்னம்மா, ஓட்டப் பந்தயமா?" என்று கேட்டார்.

"ஆமா. உங்க முடி கொட்டற வேகத்துக்கு நானும் ஓட வேணாமா?"

கண்ணாடி முன்னால் இருவரும் சிரிப்பது வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. ஷூவுக்கு உண்மையான காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லி வைத்தாள். அதைக் கேட்டு இரண்டு பேர் தாங்களும் ஷூ வாங்கிவிட்டார்கள்.

எங்களிடம் காலைக் காட்டவே இல்லை. படுக்கும்போதுகூடக் காலுறை போட்டுக்கொண்டாள். ஒரு நாள் காலையில் அவள் எழுவதற்குள் காலுறையை உருவிப் பார்க்கப் போன அண்ணன் வயிற்றில் உதை வாங்கிக்கொண்டு வந்தான். "கால்ல ஒண்ணுமே இல்லம்மா. நல்ல பலம். என் வயிறே சாட்சி," என்று என்னிடம் சொல்லித் தடவிக்கொண்டான். அவன் எல்லாவற்றையும் இப்படித்தான் சொல்வான்.

மறுபடியும் டாக்டரிடம் போக வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம், நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கடை நாற்காலியில் தானே உட்கார்ந்திருந்தாள். எதிரே பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர். பக்கத்தில் தேய்க்கும் கல், பிரஷ், நெற்றியில் பட்ட டையைப் போக்க வைத்திருக்கும் மருந்து பாட்டில். குதிகாலைத் தொடை மேல் மடக்கி வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கியிருந்தது. குதிகால் செக்கச் செவேலென்று இருந்தது.

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களே அண்ணி."

"அது இந்த மூணு வாரத்துக்கு. மூணு வாரம் முடிஞ்சாச்சு."

"தானாப் போகணும்னு..."

"ஏண்டி, ஊர்ல இருக்கிறவ பாதத்தையெல்லாம் கண்ணாடி மாதிரி ஆக்கி அனுப்பறவ நான். என் காலை அழுக்கோட கொண்டுபோய் ஒருத்தர் முகத்துக்கு நேரா நீட்டறதா? போன தடவை அந்தப் பஞ்சுல கறுப்பா வந்துச்சே, எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

வழக்கமாக ஒரு பாதத்துக்கு அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அன்று ரொம்ப நேரம் தேய்த்தாள். தேய்த்த இடம் ஒரே இடம். இரண்டு முறை தண்ணீரை மாற்றச் சொன்னாள். மாற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் அண்ணனும் கூட வந்தான். அண்ணி கட்டிலில் படுத்துக் காலுறையை உருவியதும் அவன் எட்டிப் பார்த்து, "ஆகா," என்றான். புளியங்கொட்டை போயிருந்தது. வழுவழுவென்று சிவந்த குதிகாலில் மங்கலாக ஒரு நிழல் மாதிரி மட்டும் இருந்தது. விளக்கைத் திருப்பினால்தான் தெரியும்.

"பார்த்தீங்களா டாக்டர்? முக்கால்வாசி காலி," என்றான் அண்ணன். "இன்னும் கொஞ்சம் விட்டா மிச்சமும் போயிடும்."

டாக்டர் விரலால் குதிகாலைத் தடவினார். "எதுல கழுவுனீங்க?"

அண்ணி பொய் சொல்லவில்லை. கல்லையும் மருந்தையும் சொன்னாள். எந்த மருந்து, எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், சிலருக்கு எரியும் என்பதால் முதலில் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் தொழில்முறையில் விளக்கினாள்.

"தேய்க்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"அழுக்குக் காலோட எப்படி டாக்டர் வர்றது?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோபம் இருந்திருக்கலாம். காட்டவில்லை. துடைக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார். நான் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. ஜெல் வைத்தேன். லென்ஸ் குதிகாலில் ஊன்றியபடி ரொம்ப நேரம் இருந்தது. பிறகு அவர் சொன்னார்: "இங்க் பாட்டிலை எடு."

அது மேசையில் பேனாவுக்கு வைத்திருக்கும் சாதாரண நீல மை. அண்ணி அதைக் கண்டதும், "நேத்துப் பூரா நான் தேய்ச்சது வீணாப் போச்சு," என்றாள். டாக்டர் ஒரு துளியைக் குதிகாலில் பூசி, உடனே துடைத்தார். மேட்டில் இருந்த மை பஞ்சோடு வந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கியது மட்டும் மெல்லிய நீலக் கோடுகளாகத் தங்கியது. மேடு எது பள்ளம் எது என்று சந்தேகம் இருந்தால் இப்படித்தான் செய்வார். அண்ணியின் தோல் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதால் வெள்ளை மணிகள் சரியாகத் தெரியவில்லை.

அதையும் படம் எடுத்து, இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். இடது பக்கம் பழையது, கன்னங்கறுப்பு. வலது பக்கம் இன்றையது. நீலக் கோடுகள் ஒழுங்காக ஓடின. ஒவ்வொரு இரண்டு நீலக் கோட்டுக்கும் நடுவில், மேட்டில், பழுப்பாகப் பட்டைகள் இருந்தன. சில அகலம், சில ஒடுக்கம். ஒரு ஓரத்தில் அவை கறுப்பு இருந்த எல்லையையும் தாண்டிப் போயிருந்தன. முதல் படத்தில் டையின் கீழே அது தெரியவே இல்லை.

கீழே மருந்துக்கடையின் ஷட்டரை யாரோ பாதி இறக்கும் சத்தம் கேட்டது.

"அது சாயத்தோட மிச்சம் டாக்டர்," என்றாள் அண்ணி. "சில தலையில அப்படித்தான், ஒரே தடவையில போகாது. எனக்கு இன்னும் ஒரு வாரம் குடுங்க. எடுத்துடறேன்."

"நீங்க தொழில்காரங்க. உங்களையே கேக்கறேன். நேத்து நீங்க தேய்ச்ச தேய்ப்புக்கு எந்த டையாவது நிக்குமா?"

அண்ணி யோசித்தாள். வாடிக்கையாளர் யாராவது சாயத்தின் தரத்தைப் பற்றிக் கேட்டால் யோசிப்பாளே, அதே மாதிரி.

"நிக்காது," என்றாள்.

"சாயமும் இருந்துச்சு. நீங்க சொன்னது உண்மைதான். உங்க கையால போகக்கூடியது எல்லாம் போயிடுச்சு. இது அதுக்குக் கீழ இருக்கு. இப்பவும் நான் கேன்சர்னு முடிவாச் சொல்லல. லென்ஸ் சந்தேகப்படத்தான் செய்யும். ஒரு சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் முடிவு தெரியும்."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துண்டு எடுத்தா எத்தனை நாள் நிக்க முடியாது?" என்று கேட்டாள் அண்ணி.

"தையல் ஆறற வரைக்கும். ரெண்டு மூணு வாரம்."

"சனிக்கிழமை ஒரு கல்யாணப் பொண்ணு இருக்கு."

"கல்யாணம் உங்களுக்காக நிக்காது. இதுவும் நிக்காது."

அண்ணி மறுபடியும் குப்புறப் படுத்து முகத்தை மடித்த கையில் வைத்துக்கொண்டாள். "எடுங்க. ஆனா அந்தப் பொண்ணுக்கு வேற ஆள் நீங்கதான் பார்த்துக் குடுக்கணும். நீங்களே வந்துடாதீங்க, காதுக்குப் பின்னால விட்டுடுவீங்க."

உள்ளங்காலில் ஊசி போடுவது மற்ற இடங்களைப் போல இல்லை. பெரிய ஆண்கள்கூடக் கத்துவார்கள். நான் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி கத்தவில்லை, பேசினாள். ஊசி இறங்கும்போதும், பிறகு மரத்துப் போன இடத்தில் டாக்டர் வெட்டும்போதும், தைக்கும்போதும் டீச்சரம்மாவின் மருமகளைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கதையில் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கணுக்கால் மட்டும் என் பிடியில் வெடவெடத்தது.

வெட்டிய துண்டை மருந்து நிறைந்த சிறு புட்டியில் போட்டு மூடினேன். லென்ஸ் படத்தில் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று டாக்டர் குறி வைத்தார். நிறம் கனமாக, பட்டை அகலமாக இருந்த ஓரம் அது.

பரிசோதனை முடிவு வரும்வரை கடைக்கு விடுமுறை. வந்தவர்களிடம் அண்ணன், "வீட்டம்மா ரிப்பேர், பார்ட்ஸ் வரணும்," என்று சொல்லி அனுப்பினான். அண்ணி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, முன்னறையில் யார் குரல் கேட்டாலும் உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். டீச்சரம்மா ஒரு முறை உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்து தலையைக் காட்டினார். அண்ணி சாய்ந்தபடியே வகிட்டில் மட்டும் டை பூசிவிட்டாள். கோணலாக வந்தது. டீச்சரம்மா கண்ணாடியைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். அவர் போனபிறகு அண்ணி பிரஷைக் கழுவச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். "பொய் சொல்லக்கூட ஒரு ஒழுங்கு வேணாம்?" என்றாள்.

முடிவு வந்த அன்று டாக்டர் என்னிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, "அண்ணியை வரச் சொல்லு. அண்ணனையும்," என்றார். சாதாரண முடிவாக இருந்தால் போனிலேயே சொல்லிவிடுவார். அது எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அன்று அவள் எடைக் கருவியில் ஏறவில்லை.

மூவரும் உள்ளறையில் இருந்தோம். அண்ணியும் அண்ணனும் நாற்காலியில். நான் கட்டிலுக்குப் பக்கத்தில், வழக்கமாக நிற்கும் இடத்தில்.

"அதுதான்," என்றார் டாக்டர். "ஆனா நல்ல நேரத்துல பிடிச்சிருக்கோம். மேல்தோல்லயே இருக்கு. கீழ இறங்கல. இந்த நிலையில முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சு போகும். உயிருக்கு நீங்க பயப்பட வேண்டியதில்ல. அப்பப்ப வந்து காட்டிக்கணும், அவ்வளவுதான்."

அண்ணன் பெருமூச்சு விட்டான். கையெடுத்துக் கும்பிட்டான். அண்ணி அசையவில்லை. மிச்சத்துக்காகக் காத்திருந்தாள்.

டாக்டர் மிச்சத்தையும் சொன்னார். இங்கே செய்ய முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார். அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் தாராளமாகவே எடுப்பார்கள். குதிகாலில் இழுத்துத் தைக்கத் தோல் போதாது, தொடையிலிருந்து எடுத்து வைப்பார்கள். மாதக்கணக்கில் காலை ஊன்ற முடியாது.

"அதுக்கப்புறம்?" என்றாள் அண்ணி.

"நடக்கலாம். மெத்தையா ஒரு செருப்பு செஞ்சு போட்டுக்கலாம்."

"நிக்கிறது?"

"கொஞ்ச நேரம் நிக்கலாம். தொடையில இருக்கிற தோல் குதிகாலுக்காகப் பிறந்ததில்லம்மா. பாரம் தாங்காது, புண்ணாகும். நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறது இனிமே கஷ்டம். நான் உங்களுக்கு இனிப்பாச் சொல்லி அனுப்ப விரும்பல."

அண்ணியின் முகத்தில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று டாக்டர் காத்திருந்தார். அண்ணனால்தான் பொறுக்க முடியவில்லை.

"கடைதானே? போனாப் போகுது, விடு," என்றான். அவள் தோளில் கை வைத்தான். உண்மையாகவே சொன்னான். "இத்தனை நாள் நின்னது போதாதா? நான் சம்பாதிக்கறேன்ல? நீ உட்கார்ந்து சாப்பிடு. ராணி மாதிரி வெச்சுக்கறேன்."

அண்ணி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் தோளிலிருந்து அவன் கையை எடுத்துக்கொண்டான்.

டாக்டர் எழுதி முடித்துக் காகிதத்தை நீட்டினார். அண்ணன் வாங்கக் கை நீட்டுவதற்குள் அண்ணி வாங்கிக்கொண்டாள். ஒருமுறை மேலிருந்து கீழே படித்தாள். எந்த நாள், எந்தக் கட்டிடம் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து மறுபடியும் படித்தாள். நாலாக மடித்துக் கைப்பையின் உள்ஜிப்பில் வைத்து மூடினாள்.

பிறகு ஷூவைப் போட்டுக்கொள்ளக் குனிந்தாள். அண்ணன் சட்டென்று கீழே மண்டியிட்டுக் கயிற்றைப் பிடித்தான். அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவன் அப்படியே தரையில் இருந்தான். அவள் தானே இரண்டு கயிற்றையும் கட்டினாள், அவிழாமல் இருக்க இரட்டை முடிச்சாக. மேசையைப் பிடித்து எழுந்தாள். வலது காலை முதலில் முன்பாதத்தில் வைத்தாள், அப்புறம் முழுதாக ஊன்றினாள். ஒரு கணம் அப்படியே நேராக நின்றாள்.

டாக்டர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி, முன்னறையில் காத்திருந்தவர்களைத் தாண்டி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.